இருதயசாமியை நீக்கிய கணக்கு

சென்னை, 12-8-1979

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். தறியில் குனிந்து குனிந்து வந்த முதுகுவலி குறைந்ததா? ஆரணியில் மழை உண்டா?

புள்ளியியல் வகுப்பில் எங்கள் மதிப்பெண்களையே பத்துப் பத்தாகப் பிரித்து, எவ்வளவு சிதறியிருக்கிறோம் என்று திட்ட விலக்கம் கண்டோம். பத்துக்கும் கீழே என் அறைத்தோழன் இருதயசாமி ஒருவன்தான். அவனை நீக்கிக் கணக்குப் போட்டேன். பதின்மூன்றாக இருந்த விலக்கம் ஒன்பதாக இறங்கியது.

“நீ கெளம்பினா நாங்கல்லாம் ஒத்துமையா ஆயிடுவோம்டா” என்றேன். தினமும் சொல்லிச் சிரித்தோம். அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தன் ஊர் தேசூருக்கே போய்விட்டான்.

இப்போது கடைசிப் பிரிவில் நான் மட்டும். “நீ எப்போடா கெளம்பற?” என்கிறார்கள். விளையாட்டுக்குத்தான். சாப்பாட்டுக் கூடத்தில் என் பக்கத்தில் யாரும் உட்காருவதில்லை.

தேசூர்ப் பக்கம் போனால் அவனைத் திரும்பி வரச் சொல்லுங்கள். அவன் இருந்தால் நான் கடைசி இல்லை.

சாப்பாட்டு மணி அடிக்கிறது.

உங்கள் மகன்
ஜெயவேல்