பாசி மூடிய கப்பல்துறை

இலண்டன், 12.10.1984

அன்புள்ள உம்மாவுக்கு மகன் காலிதீன் ஸலாம் சொல்லி எழுதுவது. உங்கள் முழங்கால் வலி எப்படி? நான் சுகம்.

இங்கே கைவிட்ட கப்பல்துறை ஒன்றைப் பறவைகளுக்கான சதுப்புநிலமாக மாற்றுகிறார்கள். அதில்தான் எனக்கு வேலை. நேற்றுப் புல்தரை என்று நம்பிக் கால் வைத்தேன். நம் குளத்தைச் சல்வீனியாச் செடி மூடுவதுபோல் பாசி மூடியிருந்திருக்கிறது! கப்பல் நின்ற ஆழத்துக்குள் போய்விட்டேன். கூட வேலை செய்யும் டொம் சட்டையைப் பிடித்து இழுத்துப் போட்டார். ஒரு கீறலும் இல்லை, பயப்படாதீர்கள்.   மருதமுனைச் சாறன் ஒன்று அனுப்புங்கள், மாற்றிக் கட்ட வேறில்லை.

மூச்சு வந்ததும் டொம் இங்கிலீசில் கேட்டார்: “‘உம்மோ, உம்மோ’ எண்டு கத்தினியே, அது ஆரு?”

சொன்னேன்.

“அப்ப அவவுக்கு எழுது” என்றார்.

துஆச் செய்யுங்கள்.

காலிதீன்