ஜூபா பிறந்த கிழமை

தெற்கு கிங்ஸ்டன்,
1804 நவம்பர் 12

பிராவிடன்சில் இருக்கும் ஹெப்சிபா அம்மாவுக்கு, உங்கள் அப்பா வீட்டு லாயத்துக் குவாமினோ சொல்ல, செருப்புத் தைக்கும் எலியாகிம் எழுதுவது. நாங்கள் சுகம். உங்கள் சுகத்துக்குப் பிரார்த்திக்கிறோம்.

இருபது வருஷத்துக்கு முன்னால் இங்கிலாந்துப் படை நியூயார்க்கைக் காலி செய்து கப்பலேறியதே, அந்தக் குளிர்காலம். விரிகுடா உறைந்து அதன்மேல் மாட்டுவண்டி போனது. போருக்குப் போனதற்காக என்னை விடுவித்துவிட்டார்கள். என் பெண்டாட்டி ஃபில்லிஸ் மட்டும் அப்போதும் உங்கள் வீட்டு அடிமையாகவே இருந்தாள். மார்ச் முதல் தேதி, திங்கட்கிழமை, விடிந்த பிறகு எங்கள் ஜூபா பிறந்தாள். அந்தத் தேதியிலிருந்து பிறக்கிற பிள்ளை ஆயுளுக்கும் அடிமையில்லை என்று நம் ரோட் ஐலண்டில் சட்டம்.

இப்போது உங்கள் அண்ணன் அமாசா, "அவ ஞாயித்துக்கிழமையே பொறந்துட்டா. ஒரு நாள் அவசரப்பட்டா நான் என்ன பண்றது?" என்று சிரிக்கிறார். போன வாரம் அடிமை வாங்க ஜார்ஜியாவிலிருந்து வந்த கப்பல்காரன் ஒருவன் அவள் வாயைத் திறக்கச் சொல்லிப் பல்லைப் பார்த்துவிட்டுப் போனான்.

நான் வழக்குப் போட்டேன். ஜூபா என்றாலே எங்கள் ஜனத்தில் திங்கட்கிழமைப் பெண், குவாமினோ என்றால் சனிக்கிழமைப் பையன் என்று சொன்னேன். அமாசாவின் வக்கீல், "என் மாட்டுக்கு ராஜான்னு பேர் வெச்சா கிரீடம் குடுப்பீங்களா?" என்றான். சபையே சிரித்தது. அப்பன் சொல் சாட்சியாகாதாம்.

அம்மா, ஜூபா பிறந்தபோது நீங்கள் அந்த அறையில் இருந்தீர்கள். உங்களைப் பெற்ற பெரியம்மா போட்ட சத்தம் லாயம்வரை கேட்டது: "துவைக்கக் காய்ச்சின தண்ணி பூரா உன் பிரசவத்துக்கே போச்சேடி! நாளைக்குப் பெத்திருக்கக் கூடாதா?" ஓய்வுநாளான ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டில் யார் துணி துவைப்பார்கள்? வந்து இதைச் சொன்னால் போதும்.

குவாமினோ, அவன் போட்ட கீறல் ✗

பிராவிடன்ஸ்,
நவம்பர் 19

குவாமினோவுக்கு,

உன் கடிதம் வந்தது. இந்தக் குளிரில் மார்புச்சளி வராமல் பார்த்துக்கொள். ஃபில்லிஸ் சுட்டுத் தந்த சோள ரொட்டியின் ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது.

ஆனால் நான் வர முடியாது. என் கணவரின் கடை அண்ணனுடைய சரக்கை நம்பித்தான் ஓடுகிறது. எனக்கு மூன்று பிள்ளைகள். அதுவுமல்லாமல், நான் அப்போது சிறுமி. குழந்தை அழுததும், ஊறப்போட்ட என் நீலப் பாவாடையை அலச ஆளில்லாமல் போனதும் தவிர எனக்கு ஒன்றும் நினைவில்லை.

என் பேரை நீதிமன்றத்தில் எடுக்காதே. என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு திரிந்தவன் நீ. அந்த உரிமையில் கேட்கிறேன்.

ஹெப்சிபா

தெற்கு கிங்ஸ்டன்,
நவம்பர் 25

ஹெப்சிபா அம்மாவுக்கு, குவாமினோ சொல்ல, எலியாகிம் எழுதுவது.

உங்கள் கடிதத்தை வாசித்துக்கொண்டே வந்த எலியாகிம் நடுவில் நிறுத்திவிட்டான். "யோவ், பாவாடையப் பத்தி நாம ஒண்ணுமே எழுதலையேய்யா?"

"எழுதல. ஊறப்போட்டது ஞாபகம் இருக்குன்னா கிழமையும் ஞாபகம் இருக்கு. நீ மேல படி" என்றேன்.

அந்தக் கடிதத்தை இதோடு திருப்பி அனுப்புகிறேன். அதை யாருக்கும் காட்டவில்லை, காட்டவும் மாட்டேன். எலியாகிமுக்கு அதில் என்மேல் கோபம். கோபத்தோடுதான் எழுதுகிறான்.

ஜூபாவை உங்கள் அண்ணன் மேல்மாடியில் பூட்டி வைத்திருக்கிறார். அந்தக் கப்பல் நியூபோர்ட்டில் சரக்கேற்றிக்கொண்டிருக்கிறது. தீர்ப்பு எங்களுக்கு எதிராக வந்தால் அன்றைக்கே ஏற்றிவிடுவார்கள்.

உங்களைத் தோளில் சுமந்தது நிஜம். அவளையும் அதே தோளில்தான் சுமந்தேன். நாளைக் காலை நீதிபதி, "அந்த அறையில யார் யார் இருந்தாங்க?" என்று கேட்பார். நான் மறைக்கப் போவதில்லை. நீங்கள் என்னைத் திட்டலாம். இனிமேல் எனக்குக் கடிதம் போடாமலும் இருக்கலாம். நீதிமன்றத்தின் ஆள் உங்கள் கதவைத் தட்டும்போது திடுக்கிட வேண்டாம் என்றுதான் முன்கூட்டியே சொல்லி அனுப்புகிறேன்.

நான் சொல்லப்போவது இதுதான்: அங்கே இருந்தவள் ஃபில்லிஸ். அவள் போய்ச் சேர்ந்தாள். பேறு பார்த்த டெம்பரன்ஸ் கிழவி அம்மை வார்த்து இறந்தாள். பெரியம்மாவை நானேதான் குழிவெட்டி இறக்கினேன். இன்றைக்கு உயிரோடு இருப்பது ஹெப்சிபா தர்ஸ்டன்.