மாஸ்க்குக்கு இடைஞ்சலான மீசை

என் அக்கா பெற்ற வாயாடிக்கு,

பேச முடியாததால் எழுதுகிறேன். இதயம் சோர்ந்து நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டதாம். மூக்கையும் வாயையும் சேர்த்து மாஸ்க் மாட்டி, ஒரு புயலையே குழாய் வழியாக உள்ளே அனுப்புகிறார்கள். நான்கு ராஜ்ஜியங்களை ஆளத் தகுந்த என் மீசைதான் இடைஞ்சல். அதன் வழியே காற்று கசிந்தது.

“மாஸ்க் சரியா ஒட்டலைன்னா தொண்டைக்குள்ள குழாய் போடவேண்டி வரும், ஐயா. மீசையை எடுத்துடலாமா?” என்று நர்ஸ் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

என் கல்யாணத்தன்று உன் அம்மா கெஞ்சியும் நான் எடுக்காத மீசை அது.

“சீக்கிரம் எடும்மா” என்று எழுதிக் காட்டினேன்.

இன்னும் மூச்சு வாங்குகிறது. குழாய் வேண்டுமா என்று சாயங்காலம் முடிவு செய்வார்களாம். நீ அடுத்த பஸ்ஸிலேயே வந்துவிடு.

உன் அம்மாவிடம் நெஞ்சைப் பற்றிச் சொல், பரவாயில்லை. மீசை போனதை மட்டும் சொல்லாதே. பயந்துவிடுவாள்.

இப்படிக்கு,
மழித்த மூஞ்சி மாமா