பாறை விளிம்பில் வாங்கிய சத்தியம்

நேற்று யாழ்ப்பாணத்திலிருந்து திரும்பிய ஒருவர், உன் அம்மா கொடுத்துவிட்ட கறித்தூளை என் வாசலில் தந்துவிட்டுப் போனார். பையைப் பிரித்ததும் வறுத்த மல்லி வாசம் வீடெல்லாம் பரவியது. மேலே உன் பெயர். நீ போய் இரண்டு மாதமாகிறது. எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லையடி, கோபம். செத்தும் என்னை நன்றாக மாட்டிவிட்டுப் போயிருக்கிறாய்.

போன ஆடியில், இங்கே ஆஸ்திரேலியாவில் குளிர்காலம், போர்ட் கேம்பல் கடற்கரையின் சுண்ணாம்புப் பாறைகளுக்கு மேலே நடந்தோமே, அன்றைக்குத் தொடங்கிய வில்லங்கம் இது. கீமோவின் களைப்பே தீரவில்லை. அந்தக் கூதலில் நடந்தே தீருவேன் என்று நின்றாய். கீழே கடல் மோதும்போதெல்லாம் காலடி நிலம் அதிர்ந்தது. விளிம்புக்குப் போகாதே என்று பலகை வைத்திருந்தார்கள். நீ கம்பியில் சாய்ந்துகொண்டு, "எங்கடை ஊர்க் கிணத்துக் கல்லும் இதுதானே, உப்பிடித்தான் பொலபொலவெண்டு கொட்டும்" என்றாய். தாதி வேலை பார்த்தவள் நீ. உன் உடம்புக்குள் நடப்பது உனக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?

அங்கேதான் அம்மா வீடியோவில் அழைத்தார். கம்பளித் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுச் சிரித்தாய். அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். பனிக்குத் தலையை மூடு என்று சின்ன வயதில் தொண்டை கிழியக் கத்தியும் கேட்காதவள், இப்போதாவது மூடியிருக்கிறாளே என்று. தொப்பிக்குள் ஒரு மயிரும் இல்லை. குளிர்காலம் முழுக்க நீ ஏன் வெளியில் நின்றே அம்மாவோடு பேசினாய் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

போனை வைத்துவிட்டு என் கையைப் பிடித்தாய்.

"நான் போனாலும் அம்மாவுக்குத் தெரியக்கூடாது. சத்தியம் பண்ணு."

என்ன செய்வேன், பண்ணினேன்.

ஊரில் அம்மாவோடு இருக்கும் உன் தம்பியும் அதையே சொன்னான்: மனிசி தாங்காது, ஆறுதலாய்ப் பார்ப்பம் என்று. அதனால் ஞாயிறுதோறும் நான்தான் அம்மாவுக்குப் போன் எடுக்கிறேன். நான் சொல்லும் கதைப்படி, உனக்கு மேற்கு ஆஸ்திரேலியாவில் ஒரு சுரங்க ஊர் ஆஸ்பத்திரியில் வேலை. அங்கே சிக்னல் கிடையாது. கேட்கக் கேட்கச் சொல்லி, அந்த ஊருக்கு ஒரு கடைத்தெருவே கட்டிவிட்டேன். நேரத்துக்குச் சாப்பிடுகிறாளா என்கிறார். ஓம் என்கிறேன். ஒரு தாய் தன் பிள்ளைக்காக அழுவதை நாங்கள் மூன்று பேரும் கூடிப் பிடுங்கி வைத்திருக்கிறோம். அதுதான் பாசம் என்பாய். எனக்கு இப்போது அது நிச்சயமில்லை.

இன்று ஞாயிறு. வருவது வரட்டும், சொல்லிவிடுவது என்றுதான் போன் எடுத்தேன். நான் வாய் திறக்குமுன் அம்மா முந்திக்கொண்டார். தன் இதயம் நன்றாகப் பலவீனமாகிவிட்டது, கனநாள் தாங்காது என்று டொக்டர் சொல்லிவிட்டாராம். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"அவளுக்குச் சொல்லிப்போடாத பிள்ளை. வேலையை விட்டிட்டு ஓடி வந்திடுவாள். சத்தியம் பண்ணு."

பண்ணினேனடி. உனக்குச் செய்த சத்தியத்தை எத்தனை நாளைக்குக் காப்பேனோ, தெரியாது. உன் அம்மாவுக்குச் செய்ததை, நான் நினைத்தாலும் மீற முடியாது.