அதே அளவு சர்க்கரை

மார்ச் 4, செவ்வாய்

எடை பார்த்தேன். எடை குறைக்கும் வாராந்திர ஊசி ஆரம்பித்து ஏழு வாரம். ஆறு கிலோ இறங்கியிருக்கிறது. சந்தோஷமாகக் காபி குடிக்க உட்கார்ந்தால் ஒரு வாய்க்கு மேல் போகவில்லை. பாகு மாதிரி இருந்தது.

"சர்க்கரைய அள்ளிக் கொட்டிட்டீங்களா?"

"எப்பவும் போடற ரெண்டு ஸ்பூன்தான்" என்றார் வீட்டுக்காரர், பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

நம்பவில்லை. போன வாரம்தான், "போதும்மா, முகம் வத்திப் போச்சு, ஊசிய நிறுத்திடு" என்றார். சொல்லிக் கேட்கவில்லை என்று காபி வழியாக வருகிறாரோ?

மார்ச் 6

இனி என் காபியை நானே போட்டுக்கொள்கிறேன்.

மார்ச் 10, திங்கள்

என் கேக் கடையிலும் ஏதோ நடக்கிறது.

மாஸ்டருக்குச் சர்க்கரை வியாதி. தான் செய்யும் கேக்கை அவர் வாயில் வைப்பதில்லை. அதனால் தினமும் க்ரீமை நக்கிப் பார்ப்பது என் வேலை. பதினோரு வருடமாக. இன்று நாக்கில் பட்டதும் குமட்டிக்கொண்டு வந்தது.

"என்ன மாஸ்டர், இவ்வளவு தித்திப்பு?"

"அதே அளவுதான்க்கா."

சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை. முட்டை உடைத்துக்கொண்டிருந்தார், அதனாலும் இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம்.

மார்ச் 12

பக்கத்தில் நின்று மாஸ்டரைச் சர்க்கரை நிறுக்க வைத்தேன். அளவு சரி. அப்படியானால் தராசு? வீட்டுத் தராசைக் கொண்டுபோய் மறுபடி நிறுத்தேன். அதுவும் சரி. மாஸ்டர் ஓவன் கதவைக் கொஞ்சம் பலமாகச் சாத்தினார்.

நான் நகர்ந்த பிறகு கூடுதலாகப் போடுகிறாரா? எதற்கு? வருகிறவர்களுக்குத் திகட்ட வைத்துவிட்டு அடுத்த தெருவில் தனிக்கடை போடவா? இரண்டு நாளாகப் போன் வந்தால் பின்வாசலுக்குப் போய்க் குசுகுசுவென்று பேசுகிறார்.

மார்ச் 14, வெள்ளி

மாஸ்டர் சாப்பிடப் போயிருந்தார். நாளைய க்ரீமுக்கு அவர் நிறுத்து வைத்த டப்பாவிலிருந்து மூன்றில் ஒரு பங்குச் சர்க்கரையை எடுத்துவிட்டேன்.

மார்ச் 15

க்ரீம் இன்றுதான் வாய்க்கு இதமாக இருந்தது. பார்த்தாயா!

மார்ச் 16, ஞாயிறு

பள்ளிக்கூட டீச்சர் ஒருவர் மகளின் பிறந்தநாள் கேக்கில் பாதியைப் பெட்டியோடு திருப்பிக் கொண்டுவந்தார். "பிள்ளைங்க ஒரு வாய் வச்சுட்டுத் தட்டைத் தள்ளிட்டாங்க. சர்க்கரைக்கு என்ன பஞ்சமா?"

கடை நிறைய ஆட்கள். நான் மாஸ்டர் பக்கம் திரும்பினேன். "என்ன மாஸ்டர் இது?"

"நான் நிறுத்து வச்சதுதான்க்கா போட்டேன்."

"அப்ப சர்க்கரை எங்க போச்சு?"

அவர் ஏப்ரனைக் கழற்றினார். மடித்து மேசைமேல் வைத்தார். போய்விட்டார். தூக்கி எறிந்திருந்தால்கூடத் தேவலை — மடித்து வைத்தார்.

எங்க போச்சுன்னு எனக்குத் தெரியாதா? தெரிஞ்சேதான கேட்டேன்? அத்தனை பேர் முன்னாடி... சே, என்ன பொம்பள நான்?

மார்ச் 17

கடை திறக்கவில்லை.

மார்ச் 18, செவ்வாய்

ஊசி நாள். நர்ஸ் வழக்கமான கேள்விகளைக் கேட்டாள். "ஸ்வீட்டெல்லாம் ரொம்பத் திகட்டுதா?"

"உனக்கு எப்படித் தெரியும்?"

"இந்த ஊசி போட்டுக்கற சில பேர் சொல்றாங்க. பழைய அளவே ஜாஸ்தியாத் தெரியுதாம்."

வெளியே வந்து படியில் உட்கார்ந்துவிட்டேன். வீட்டுக்காரர், தராசு, மாஸ்டர் — எல்லாவற்றையும் சந்தேகப்பட்டாயிற்று, என் நாக்கைத் தவிர.

மார்ச் 19

மாஸ்டர் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்த அவர் மனைவிக்குக் கையில் மாவுக்கட்டு. போன வாரம் வழுக்கி விழுந்தாளாம். பின்வாசல் போனெல்லாம் அதற்குத்தான்.

வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு போனது ஒன்றும் வாயில் வரவில்லை. "சர்க்கரைய எடுத்தது நான்தான் மாஸ்டர்" என்று மட்டும் சொன்னேன்.

"தெரியும்க்கா. அந்த டப்பாவத் தொடறது நாம ரெண்டு பேருதானே. நான் தொடல."

ஊசியைப் பற்றிச் சொன்னேன். கேட்டுக்கொண்டார். கோபமாகக்கூட இல்லை, அதுதான் தாங்கவில்லை.

"அந்த டீச்சர்கிட்ட நீங்களே சொல்லணும்."

அங்கேயே நின்று, அவர் காதுபட, டீச்சருக்குப் போன் செய்து சொன்னேன்.

மார்ச் 24, திங்கள்

மாஸ்டர் வந்துவிட்டார். முதல் வேலையாக டீச்சருக்கு வேறு கேக் போனது. க்ரீமை ருசி பார்ப்பது இப்போது வீட்டுக்காரர். பெரிய நீதிபதி மாதிரி கண்ணை மூடிக்கொள்கிறார். நான் ஊசியை விடவில்லை. மேலும் அரைக் கிலோ இறங்கியிருக்கிறது.

மாஸ்டர் என்னோடு நன்றாகத்தான் பேசுகிறார், சிரிக்கிறார். ஆனால் சர்க்கரையை நிறுத்ததும், முன்பெல்லாம் இல்லாத வழக்கமாக, "ஐநூறு கிராம்" என்று எனக்குக் கேட்கும்படி உரக்கச் சொன்னார்.

"அதெல்லாம் வேண்டாம் மாஸ்டர்."

"இருக்கட்டும்க்கா" என்றார். அடுத்து வெண்ணெயைத் தராசில் வைத்தார். அதையும் சொன்னார்.