மூன்று பொட்டு

23 அக்டோபர் 2024, புதன்

இன்றும் கட்டு மாற்ற ஆஸ்பத்திரி. இவருக்கு வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் பாதிக்கு மேல் இல்லை. புண் நன்றாக ஆறுகிறது என்றார் டாக்டர். பஸ்ஸில் வரும்போது எதிரே உட்கார்ந்திருந்த அம்மா எப்படி ஆச்சு என்று கேட்டாள். இவர் மறுபடி அதையே ஆரம்பித்தார்.

“சக்கு நின்னுட்டுத்தானுங்க இருந்துச்சு. பாத்துட்டுத்தான் கை வச்சேன்.”

இரும்பு கடையும் லேத் மெஷின் ஓடிக்கொண்டிருந்ததாம், ஆனால் இரும்பை மூன்று பிடியால் கவ்விச் சுழற்றுகிற அதன் சக் மட்டும் நின்றுகொண்டிருந்ததாம். யார் நம்புவார்கள்? விஜயதசமி முடிந்து வேலை தொடங்கிய முதல் நாள், சாயந்தர ஷிஃப்ட். மெஷினைப் போட்டுவிட்டு அளவுகோல் எடுக்கத் திரும்பியிருக்கிறார். சுற்றிலும் பத்து மெஷின் இரைச்சல், காதில் பஞ்சு. போட்டோமா இல்லையா என்ற சந்தேகத்தோடு சக்கைப் பார்த்தால் நிற்கிறது, கையை விட்டுவிட்டார். தூக்கக் கலக்கம் என்று சொன்னால்தான் என்ன? மனுஷனுக்கு வராததா?

25 அக்டோபர், வெள்ளி

கம்பெனியில் பாதுகாப்பு அதிகாரி பசவராஜ் வீட்டுக்கே வந்தார். மரியாதையான ஆள்தான். காபி குடித்தார், பெரியவன் எந்த ஸ்கூல் என்று விசாரித்தார், பிறகு விஷயத்துக்கு வந்தார். இந்த ஊர்க்காரர், கன்னடத்தில்தான் பேச்சு.

சக் நின்றது எப்படி அவ்வளவு நிச்சயமாகத் தெரியும் என்று கேட்டார். ஆயுத பூஜைக்கு வைத்த பொட்டு தெரிந்தது, மூன்று பிடியிலும் மூன்று பொட்டு அசையாமல் நின்றது என்றார் இவர்.

பசவராஜ் என் பக்கம் திரும்பினார். பூஜையன்று குடும்பத்தை எல்லாம் உள்ளே விட்டார்களே, நீங்களும் வந்திருந்தீர்களே, எத்தனை பொட்டு வைத்தார்?

குங்குமக் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நின்றது நான். சந்தனத்தில் குழைத்து, முதல் பிடிக்கு மட்டும் ஒன்று. வருஷா வருஷம் அப்படித்தான். ஒன்று என்றேன். அவர் போனில் இருந்த போட்டோவிலும் ஒன்றுதான். போனை மூடிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அவர் போன பிறகு இவர் இடது கையால் காபி டம்ளரை எடுத்து உள்ளே வைத்தார். அப்புறம், “நெசத்தத்தானே சொன்னே” என்றார். திட்டியிருந்தால் தேவலை.

27 அக்டோபர்

ஒரு பொட்டா மூணு பொட்டா. வீட்டில் இரண்டு நாளாக வேறு பேச்சில்லை.

30 அக்டோபர், புதன்

நாளைக்குத் தீபாவளி. கம்பெனியிலிருந்து இன்றைக்கா கூப்பிட வேண்டும்!

விசாரணைக் கமிட்டி முடிவு செய்துவிட்டதாம். இல்லாத பொட்டைப் பார்த்ததாக மகேந்திரன் சொல்வது பொய். கவனக்குறைவு என்று ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டால் கம்பெனி கேட்டில் ஏதாவது வேலை தருவார்கள். பொய்யையே பிடித்துக்கொண்டு நின்றால் வேலையே கிடையாது. இடது கையாலாவது போட்டுத் தொலையுங்கள் என்று கெஞ்சினேன். பார்த்ததைப் பார்க்கவில்லை என்று எப்படி எழுதுவது என்கிறார். பதினாலு வருஷம் லேத்தில் நின்றவன், கவனமில்லாதவன் என்று பேர் எடுத்துக்கொண்டு அதே கேட்டில் எப்படி நிற்பது என்கிறார்.

எனக்குப் பொறுக்கவில்லை. “அன்னைக்கிக் குடிச்சிருந்தீங்களா, சொல்லுங்க” என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் பாதியில் எழுந்துவிட்டார். வாய் என் வாய்!

5 நவம்பர், செவ்வாய்

வேகமாக எழுதுகிறேன், எழுத்து கோணல் மாணலாக வருகிறது. வரட்டும்.

நான் தைக்கப் போகும் தேவராஜ மொஹல்லா கடையில் இன்று கல்யாணப் பிளவுஸ் அவசரம். விளக்கு வைத்த நேரம். கடைக்காரி கமலம்மாள் அக்கா தீபாவளிக்கு மாட்டிய புது எல்.ஈ.டி. டியூப் ஒன்றுதான் எரிந்தது. மோட்டார் தையல் மெஷினை மிதித்து ஓட்டிக்கொண்டே ஏதோ யோசனையில் அதன் பக்கச் சக்கரத்தைப் பார்த்தேன். ஆயுத பூஜைக்கு நான் வைத்த பொட்டு அதில் இன்னும் இருந்தது. ஓட ஓடச் சிவப்பு வளையமாகத் தெரிந்தது. மிதியைக் கொஞ்சம் தளர்த்தினேன். வளையம் உடைந்தது. மூன்று பொட்டு. மங்கலாக, தனித்தனியாக, மூன்று. நின்றது. இன்னும் தளர்த்தினால் பின்பக்கமாக மெல்ல நகர்ந்தது. ஊசி என்னவோ முன்னே தைத்துக்கொண்டேதான் இருந்தது.

காலை எடுத்தேன். சக்கரம் நின்றது. ஒரு பொட்டு.

அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஆமாம்டி, மூணுதான் என்றாள். அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழுதேன். பிளவுஸ் துணி நனைந்துவிட்டது என்று அக்கா திட்டினாள்.

6 நவம்பர்

இவரைக் கடைக்கு அழைத்துப் போய்க் காட்டினேன். பார்த்தார். இதைத்தானே இத்தனை நாளாகச் சொன்னேன் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்காதது ஏன் இப்படிக் குத்துகிறது?

8 நவம்பர், வெள்ளி

பசவராஜிடம் போனில் சொன்னதும் மெஷினை ஓட்டிப் பார்க்கலாம் என்றார். நல்ல மனசு என்று நினைத்தேன். காலை பதினோரு மணிக்கு, ஷட்டரையெல்லாம் தூக்கிவிட்டு, வெயில் உள்ளே கொட்டும்போது சோதித்தார்கள்! சக் பனி மூட்டமாய்ச் சுழன்றது. பொட்டும் இல்லை, ஒன்றும் இல்லை. கமிட்டிக்காரர் ஒருவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். தையல்காரி பாடம் எடுக்க வந்துவிட்டாளாம்.

இருட்டிய பிறகு மெஷினுக்கு மேலே மாட்டியிருக்கிற டியூப் வெளிச்சத்தில் மட்டும் பாருங்கள் என்று கத்தினேன். கத்தியிருக்கக் கூடாதுதான். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அடிபட்டது சாயந்தரம், சோதனை மட்டும் பட்டப்பகலிலா? எந்த ஊர் நியாயம் இது?

11 நவம்பர்

பசவராஜுக்கு நாலு தடவை போன். எடுக்கவில்லை. இவர் கையெழுத்துப் போட்டுவிடுகிறேன் என்கிறார். “வேண்டாங்க” என்றேன். போன மாசம் போடச் சொல்லிக் கெஞ்சியவளும் நான்தான்.

14 நவம்பர், வியாழன்

எடுக்காதவரே திரும்பக் கூப்பிட்டார். சோதனை அன்றைக்கே அவர் மனசில் உறுத்தியிருக்கிறது. ஆயுத பூஜைக்கு ஷெட் பளிச்சென்று இருக்க வேண்டுமென்று மெஷின்களின் தலைக்கு மேல் தொங்கிய மஞ்சள் குண்டு பல்புகளைக் கழற்றி மலிவு டியூப்களை மாட்டியதே அவர்கள்தான். அதற்கு முன் இத்தனை வருஷமாக இந்தப் பிரச்சினை வந்ததே இல்லை.

சாயந்தரம் ஏழு மணி, ஷட்டர் இறக்கி, இவர் ஓட்டிய அதே வேகம். போட்டோவில் இருந்த இடத்திலேயே நான் ஒரு பொட்டு வைத்தேன். லேத் கிளம்பி வேகம் பிடித்ததும் இரைச்சலுக்கு நடுவில் சக் அப்படியே நின்றது. மூன்று பொட்டோடு. அன்று சிரித்தவர் குனிந்து கிட்டே போனார். பசவராஜ் அவர் தோளைப் பிடித்து இழுத்தார். இழுக்கும்படி இருந்தது, அவ்வளவு அசல்.

அந்த விளக்கு நொடிக்கு நூறு தடவை விட்டு விட்டு எரிகிறதாம், நமக்குத்தான் தெரிவதில்லை. ஒரு தடவை எரிந்து மறு தடவை எரிவதற்குள் சக் மூன்றில் ஒரு பங்கு திரும்பிவிடும், ஒரு பிடி இருந்த இடத்தில் அடுத்த பிடி வந்துவிடும். நடுவில் நடந்ததைக் கண் பார்க்கவில்லை. இருந்தது இருந்த இடத்திலேயே இருக்கிறது, அப்படியானால் அசையவில்லை என்று மூளை முடிவு கட்டிவிடுகிறது. ஒரே பொட்டு மூன்று இடத்தில் வெளிச்சத்தில் மாட்டுவதால் மூன்றாகத் தெரிகிறது. பசவராஜ் சொல்லச் சொல்ல இவர் கட்டுப்போட்ட கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்று பொட்டு என்று சொன்னதால்தான் பொய்யர் ஆனார். சக் ஓடும்போது பார்க்காதவருக்கு அந்த மூன்று தெரிந்திருக்கவே முடியாது.

3 டிசம்பர்

முடிவு வந்தது. ‘வெளிச்ச அமைப்பில் குறைபாடு.’ அவ்வளவுதான். மகேந்திரன் சொன்னது உண்மை என்று ஒரு வரி எழுதினால் பேனா தேய்ந்துவிடுமா? பொய் என்று எழுத மட்டும் எழுத்து இருந்தது.

கை தேறியதும் அதே லேத்துக்கு வரலாமாம். இவருக்கு அது போதுமாம். எனக்குப் போதவில்லை.

1 அக்டோபர் 2025, புதன்

ஆயுத பூஜை. குடும்பத்தை உள்ளே விட்டார்கள். ஒவ்வொரு மெஷின் மேலும் மஞ்சள் பல்பு திரும்பத் தொங்குகிறது. நான் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டேன், இவர் மோதிர விரலால் முதல் பிடிக்குப் பொட்டு வைத்தார். தீபாராதனை ஆனதும் வழக்கப்படி மெஷினைக் கொஞ்ச நேரம் ஓட்டி நிறுத்தினார். அடுத்து சக்கில் செவ்வந்தி செருக வேண்டும். பூவை எடுத்தவர் செருகாமல் நின்றார். பிப்ரவரியிலிருந்து தினமும் இதே மெஷினில்தான் வேலை செய்கிறார். இருந்தாலும் நின்றார்.

“சோதி, நின்னுருச்சா பாரு.”

குனிந்து நன்றாகப் பார்த்தேன்.

“நின்னுருச்சுங்க. ஒரு பொட்டுதான்.”

அவர் திரும்ப ஒரு தடவை பார்க்கவில்லை. கையை உள்ளே விட்டுப் பூவைச் செருகினார்.