அறுபது சைக்கிளில் அம்மா

என் செல்ல அம்மாவுக்கு,

நீ இருக்கிற இடத்தில் எத்தனை வோல்ட் என்று தெரியவில்லை. இங்கே அமெரிக்காவில் நூற்றுப்பத்து. நம் ஆம்பூரில் இருநூற்று முப்பது. அதனால் டேப் ரெக்கார்டருக்கென்றே ஒரு டிரான்ஸ்ஃபார்மரையும் சுமந்து வந்தேன். ஷூ மெஷின் பயிற்சிக்கு வந்தவன் துணியைக் குறைத்து இரும்பைத் தூக்கி வந்தான் என்று ரஃபீக் இன்னும் சிரிக்கிறான். நம் பக்கத்துத் தெரு ரஃபீக்தான், என் அறையில் இருக்கிறான்.

நீ கண் மூடுவதற்கு இரண்டு மாதம் முன்னால் உன்னைப் பேச வைத்துப் பதிந்த டேப் ஸ்பூல் அதில் இருக்கிறது. வேறு எங்கும் உன் குரல் கிடையாது.

நேற்று சாயங்காலம் பனி கொட்டிக்கொண்டிருந்தது. சுவிட்சைப் போட்டேன். யாரோ ஒரு சின்னப் பெண் பேசினாள்.

"டேய், இந்தப் பெட்டிகிட்ட இன்னாடா பேசறது? வுடு, கம்பெனில சங்கு ஊதிடுவான்."

"யார்ரா பொண்ணு? தங்கச்சியா?" என்றான் ரஃபீக்.

"எங்கம்மாடா."

குனிந்து ஸ்பூலைப் பார்த்தேன். இருந்த ஒன்றையும் கெடுத்துவிட்டேனா?

இல்லை. முட்டாள்தனம் என்னுடையது. நம் ஊரில் கரண்ட் என்றால் கம்மியா ஜாஸ்தியா, அவ்வளவுதான் கேட்போம். எலக்ட்ரிகல் டிப்ளமா படித்த நானும் அதை மட்டும்தான் பார்த்தேன். நம் மின்சாரம் வினாடிக்கு ஐம்பது சைக்கிள், அதாவது ஐம்பது துடிப்பு; இங்கே அறுபது. டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டை மாற்றும், அதை மாற்றாது. மோட்டார் வேகமாக ஓடுகிறது, நீயும் அதோடு ஓடுகிறாய், குரல் மெலிந்து சின்னப் பெண் குரலாகிறது.

ஆனால் அம்மா, நிறுத்தத் தோன்றவில்லை. ஜன்னலுக்கு வெளியே வெள்ளையாக ஏதோ இறங்கிக்கொண்டே இருக்க, பதினாறு வயதுப் பெண் ஒருத்தி ஆம்பூர்ப் பேச்சில் என்னை அதட்டிக்கொண்டிருந்தாள். அந்த வயதில் உனக்கு என்ன பிடிக்கும்? எங்கே போக ஆசைப்பட்டாய்? ஒரு நாளாவது உட்கார்ந்து கேட்டேனா?

இன்று பயிற்சிக்கூட லேத்தில் டேப் ரெக்கார்டர் மோட்டாருக்குச் சின்னதாக ஒரு புல்லி, அந்தப் பெல்ட் ஓடும் சக்கரம், கடைந்தேன், பழையதில் ஆறில் ஐந்து பங்கு. அதை மாட்டினால் வேகம் குறையும், உன் குரல் உன் குரலாகவே வரும். மேஜை மேல் கிடக்கிறது. ஐந்து நிமிட வேலை. இன்னும் மாட்டவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாட்டிவிடுகிறேன், சத்தியமாக. அதுவரைக்கும் இவள் இன்னும் கொஞ்சம் பேசட்டும்.

இவளுக்கு இன்னும் பிறக்காத
உன் மகன்,
ஸ்டீபன்